போதகருக்கென்று ஒதுக்கிய நிலம்

என் பிரிசில்லாவுக்கு,

படூரில் உன் அக்கா வீட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே கருங்குழியில், சபை போதகருக்கென்று ஒதுக்கிய நிலத்தை, நாம் குடியிருக்கும் வீட்டோடு, கமிட்டி மனை போட விற்றுவிட்டது. ஆசாரியர்களுக்குப் பிரித்துவைத்த நிலத்தை விற்கக் கூடாதென்று தீர்க்கதரிசி சொன்னதை ஞாயிறன்று பிரசங்கித்தேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே கமிட்டிச் செயலாளர், "அது இஸ்ரவேலு நெலம், பாஸ்டரே. இது நம்ம பட்டா. வூட்ட காலி பண்ணுங்க" என்றார்.

நேற்று ஜேசிபி வந்தது. வேப்பமரத்தடியில் குறுக்கே நின்றேன்.

"இங்க இன்னா கீது ஐயா?" என்று டிரைவர் கேட்டார்.

"எங்க பாப்பாவைப் புதைச்ச இடம்."

அவர் வண்டியை அணைத்துவிட்டுப் போய்விட்டார். இன்று வேறொருவர் ஓட்டி வந்தார்.

பாப்பாவின் பிறந்தநாளுக்குப் பூ வாங்கி வருவதாகச் சொன்னாயே, வர வேண்டாம்.

உன் கணவன்