மிக்கேல்துறையின் மணல்

சூசையூர் கரை நோக்குநிலையம், பள்ளி மொட்டைமாடி
2071 மே 3, காலை 6.40

இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். நான் அன்சிலா, பத்தாம் வகுப்பு. கடல் அமைதி. மேற்கிலிருந்து லேசான காற்று. நேற்று உடும்பு கொட்டிய மணலில் பாதியை விடிவதற்குள் கடல் திரும்ப எடுத்துக்கொண்டது.

உடும்பு என்பது நாங்கள் வைத்த பெயர். கடலடியில் ஊர்ந்து மணலை வாரிக் கரையில் கொட்டும் இயந்திரம். எங்களுக்கும் பக்கத்து ஊரான மிக்கேல்துறைக்கும் சேர்த்து ஒன்றுதான். ஊருக்கு ஓர் அழைப்புக் கம்பம். கம்பம் எங்கே நிற்கிறதோ அங்கே வந்து கொட்டும். எங்கள் கம்பத்துக்கு நான் பொறுப்பு, அவர்களுடையதற்கு என் வகுப்புத் தோழி டெல்பின்.

அங்கே பாறை வளைவு இருக்கிறது, மணல் தங்குகிறது. கரையில் கால்பந்து ஆடுகிறார்கள். எங்கள் ஊரில் அலை கல்லறைத் தோட்டத்து மதிலில் அடிக்கிறது. அடுத்தது எங்கள் வீடு.

மே 5, மாலை 4.15

கட்டுப்பாட்டு மையம்: "தென்துருவத்தில் நிலத்தின்மேல் கிடந்த பனி மேலும் சரிந்துள்ளது. கடல்மட்டம் உயரும்."

எங்கள் ஊரில் மீன்பெட்டி ஐஸைத் தவிர வேறு பனியைப் பார்த்தவர் இல்லை. அந்த ஐஸை வைத்துச் சோதித்தேன். குவளையில் மிதக்கும் ஐஸ் உருகினால் மட்டம் ஏறவில்லை. வெளியே வைத்த ஐஸ் உருகிக் குவளைக்குள் வடிந்தால் ஏறுகிறது. தென்துருவப் பனி இரண்டாவது வகை.

கூடுதல் மணல் கேட்டேன். மையம்: "இரண்டு ஊர்களுக்கும் சமபங்கு." நல்ல குடத்துக்கும் ஓட்டைக் குடத்துக்கும் ஒரே அளவு தண்ணீர். இதற்குப் பெயர் நீதியாம்.

மாலை 5.50

டெல்பின், ஒயர்லெஸ்ஸில்: "ஏட்டி படிப்பாளி, கேக்குதா? நா செஞ்ச கரை மாடல் கண்காட்சிக்குத் தேர்வாயிட்டு! நாகர்கோவிலுக்குப் போறேன், ஞாயிறுதான் வருவேன். எனக்க கம்பத்துல சிப்பி பிடிச்சுக் கெடக்கு, சுரண்டி விடுவியா? ஒனக்கு ஐஸ்கிரீம் உண்டு."

"சரிட்டி" என்றேன்.

கரை அரிப்பைப் பற்றி நூலகத்தில் இருக்கும் எல்லாப் புத்தகங்களையும் படித்தவள் நான். அவள் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. ஒரு பலகையில் பசை தடவி மணலை ஒட்டினாள். அவள் மாடல் போகிறது, நான் இங்கே அவள் கம்பத்தைச் சுரண்டப் போகிறேன்.

மே 7, காலை 5.30

சிப்பியைச் சுரண்டினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். பிறகு கம்பத்தைப் பெயர்த்தேன். பெரிய சூரை மீன் அளவுக்குக் கனம். சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து எங்கள் கம்பத்தின் பக்கத்தில் நட்டேன். உடும்பு பாதி வழியில் சற்று நின்றது. பிறகு எங்கள் பக்கம் திரும்பியது.

மே 9, மாலை 6.00

மணல் மேடு எங்கள் வீட்டுக் கூரையைவிட உயர்ந்துவிட்டது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தார். ஊர்க்காரர்கள் நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார்கள். டெல்பின் வந்து பார்க்கட்டும். ஒருநாளாவது அவள் என்னைப் பார்த்து வயிறெரியட்டும்.

மே 10, பகல் 12.10

மையம்: "கள்ளக்கடல் எச்சரிக்கை. தென்துருவத்தை ஒட்டிய கடலில் எழுந்த பேரலைகள் பிற்பகலில் கரையை எட்டும். காற்று இருக்காது."

பகல் 2.30

வந்துவிட்டது. வானம் பளிச்சென்று இருக்கிறது. மேட்டில் மோதி ஒவ்வோர் அலையும் உடைகிறது. கீழே கைதட்டுகிறார்கள். நான்தான் காரணம் என்று யாருக்கும் தெரியாதது ஒன்றுதான் குறை.

பகல் 3.05

டெல்பின்: "அன்சி! எனக்க கம்பத்தக் கடல் கொண்டு போயிட்டு! இங்க கரையே இல்லட்டி. தண்ணி ரோட்டத் தாண்டிப் பொழிக்குள்ள பாயுது. நாங்க கோயில் மாடில ஏறிட்டோம். பொழி ஒங்களுக்குப் பின்னாலல்லா கெடக்கு? திரும்பிப் பாருட்டி!"

பொழி என்பது இரண்டு ஊர்களுக்கும் பின்னால் நீளும் உப்பங்கழி. திரும்பிப் பார்த்தேன். ஊரே கடலைப் பார்த்து நின்றிருந்தது. தண்ணீர் வீடுகளின் பின்பக்க அடுக்களை வாசல் வழியாக வந்துகொண்டிருந்தது.

பகல் 3.35

வந்த நீர் வடிய வழியில்லை. கடலுக்கும் ஊருக்கும் நடுவே என் மேடு நிற்கிறது. மையத்தைக் கூப்பிட்டு உடும்பை நிறுத்தச் சொன்னேன். "கம்பம் அழைத்துக்கொண்டிருக்கும்வரை நிற்காது. கம்பத்தைப் பெயர்க்கவும்."

மண்வெட்டியோடு ஓடினேன். இரண்டு கம்பங்களும் மேட்டுக்கு அடியில் எங்கோ புதைந்து கிடக்கின்றன. அங்கிருந்தே அழைக்கின்றன. உடும்பு கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஊறிய மணல் இடுப்புவரை என்னை விழுங்கியது. நாற்காலிக்காரர் ஒருவர் இழுத்துப் போட்டார். மேட்டில் இனி யாரும் நிற்க முடியாது. எங்கள் படகுகள் அதற்கு அந்தப் பக்கம்.

மாலை 4.20

பள்ளி மாடி நிறைந்துவிட்டது. அப்பா எங்கள் வீட்டுக் கூரையில் இருக்கிறார். நீலச் சட்டை தெரிகிறது. பக்கத்து வீட்டுச் சுவர் இப்போது விழுந்தது. ஒயர்லெஸ்ஸில் எல்லாரையும் கூப்பிட்டேன், அவளைத் தவிர.

மாலை 4.45

நீலச் சட்டை தெரியவில்லை.

மாலை 5.05

டெல்பின்: "ஒனக்க அப்பாவ ஏத்தியாச்சுட்டி. எனக்க மாமாக்க வள்ளம். நனஞ்ச கோழி மாதிரி இருக்காரு, வேற ஒண்ணுமில்ல. அடுத்தது பள்ளிக்கூடம். புஸ்தகத்த மூடிவச்சிட்டு நில்லு, என்ன?"

மாலை 5.20

வள்ளம் மாடிச் சுவரை உரசி நிற்கிறது. குழந்தைகள் ஏறிவிட்டார்கள். இந்தக் குறிப்பைத் தண்ணீர் புகாத பெட்டியில் வைத்து மாடித் தண்ணீர்த் தொட்டியில் கட்டிவிட்டுப் போகிறேன்.

அவள் வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் நின்று எனக்குக் கை நீட்டுகிறாள். அவளுக்கு இனி வீடு இல்லை. கம்பத்தைக் கடல் கொண்டுபோனதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். கையைப் பிடிக்கும் முன் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகும் அவள் அந்தக் கையை இழுத்துக்கொள்ள மாட்டாள். எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடிய...