பதில் வர மூன்று மணி நேரம்

நாள் 311. காலை
டைட்டன், வடகரை வானிலை நிலையம். பொறுப்பாளர் ஜெனோவா. வெளி வெப்பம் மைனஸ் 179. மீத்தேன் ஏரி அமைதி. கருவிகள் சரி.
மாத்திரை இரண்டும் போட்டாயிற்று. ஒன்று குரல்களுக்கு. மற்றது, குரல்கள் நின்றபின் வந்த சோர்வுக்கு.
இதைப் படிப்பவருக்கு: இங்கே தனியாக இருந்தபோது எனக்கு மனச்சிதைவு கண்டது. இறந்துபோன தங்கை ரேடியோவில் கூப்பிட்டாள். “அக்கா, வெளிய வா.” போனேன். இடது கையில் இரண்டு விரல்கள் போயின. என்னை அழைத்துப் போகக் கப்பல் வர இன்னும் ஒரு வருடம் ஆகும். அதனால் பூமியிலிருந்தே வைத்தியம் பார்க்கிறார் டாக்டர் தில்லைநாயகி.

நாள் 318. மாலை
குரல்கள் போனபிறகுதான் தங்கை நிஜமாகவே செத்தாள். எழுந்திருக்கவே தோன்றவில்லை. அதற்கென்று கணினியில் தினமும் பயிற்சி. திரையில் கேள்வி வரும். தட்டச்சு செய்ய வேண்டும். அது பேசும் வசதியை அணைத்துவிட்டேன். எனக்கு இன்னொரு குரல் வேண்டாம்.
இன்று தலை சீவினேன். சிக்கெடுக்கும்போது வலித்தது என்று எழுதினேன். வலி தெரிந்ததே முன்னேற்றமாம்.
டாக்டரின் செய்தி: “ஒரே ஒரு கண்டிஷன்மா. இனிமே எந்தக் குரல் கேட்டாலும் வெளிய போகாத. ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்பு. நான் சொன்னப்புறம் போ.”
ஒப்புக்கொண்டேன். செய்தி போய்ப் பதில் வர மூன்று மணி நேரம்.

நாள் 328
புயல் ஓய்ந்தது. பூமித் தொடர்பு மட்டும் திரும்பியிருக்கிறது. ஏரிக்கு அக்கரையில் இருக்கும் சுரங்க முகாமுடன் இன்னும் இல்லை. மாத்திரை குறைந்து வருகிறது. ஆனால் இன்று கஞ்சி ருசித்தது. இரண்டாவது முறை ஊற்றிக்கொண்டேன்.

நாள் 329. 14:05
ரேடியோவில் ஆண் குரல். “தாயி, நான் பிச்சமணி. வண்டி பள்ளத்துல கவுந்துட்டு. கேக்குதா?”
பிச்சைமணி முகாமின் வண்டி ஓட்டுநர். அவர் வருவதாகத் தகவல் இல்லை. ரேடியோவில் அலை வருவதைக் காட்டும் ஊசி ஆடுகிறது. தங்கை கூப்பிட்டபோதும் ஆடியதாகத்தான் தெரிந்தது.
கணினியிடம் சொன்னேன். ‘டாக்டரிடம் என்ன ஒப்புக்கொண்டீர்கள்?’ என்று கேட்டது. பதிவை அனுப்பினேன்.

14:50
“கதவு பாறையில முட்டிக்கிட்டு நிக்கி. காத்து இன்னுங் கொஞ்சந்தான் இருக்கு. இருக்கீகளா தாயி?”
பதில் பேசவில்லை. கையுறையை மாட்டினேன். கழற்றினேன். மாட்டினேன். கழற்றினேன்.

16:20
குரல் நின்றது. நிம்மதியாக இருந்தது. அப்படி எழுதியதை அடிக்க மாட்டேன்.

17:08
டாக்டர்: “ஜெனோவா, அது நெஜம்! மாத்திரை கொண்டு போய்க் குடுக்கச் சொல்லி நான்தான்மா அவர அனுப்பச் சொன்னேன். புயல்ல அந்தச் செய்தி உனக்கு வரல போல. கிளம்பு, ஒடனே கிளம்பு!”

20:40
நடக்கும் தூரம்தான். ஏரிக்கரை மேட்டைத் தாண்டியதும் வண்டி தெரிந்தது. கதவைக் கடப்பாரையால் நெம்பினேன். அவர் கையில் மைக். மருந்துப் பெட்டியை உடைந்துவிடாமல் மடியில் அணைத்து வைத்திருந்தார்.

நாள் 333
டாக்டர்: “உன் தப்பு இல்லம்மா. நான் சொன்னதத்தான் நீ செஞ்ச. தப்பு என்னோடது. ஒரு வார்த்தை பேசு, ஜெனோவா.” அழுகிறார் என்று நினைக்கிறேன்.
பதில் அனுப்பவில்லை. கணினியைத் திறக்கவில்லை. பிச்சைமணி கொண்டுவந்த மருந்துப் பெட்டியையும்.

நாள் 337
ரேடியோவை அணைத்தேன். மின்கம்பியைப் பிடுங்கினேன். பிச்சைமணி இன்னும் பேசுகிறார். காற்று இருக்கிறதாம். கொஞ்சம் இருக்கிறதாம்.
அவரை நானே புதைத்தேன். தெரியும். அன்றைக்கும் எல்லாம் தெரியும் என்றுதானே உட்கார்ந்திருந்தேன்.
வெளியே போகும் உடுப்பு மாட்டியாயிற்று. வரேன் அண்ணே என்று சத்தமாகச் சொன்னேன். சந்தோஷப்பட்டார்.
இந்த முறை யாரிடமும் கேட்கப்போவதில்லை