பக்கத்தின் அடியில் இருந்த பெயர்

மார்ச் 3, செவ்வாய்

நான் லிஃப்ட் ஓட்டிய பழைய கட்டடத்துக்குப் போயிருந்தேன். என் ஸ்டூலுக்கு மேலே ஒரு பித்தளைப் பலகை உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே வாரா வாரம் துடைத்து மினுக்கியிருக்கிறேன். இன்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘லிஃப்ட் ஓட்டுபவரிடம் பேச வேண்டாம்.’

சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தக் கட்டடத்தில் என்னிடம் பேசாத ஆள் யார்? ஏழாவது மாடி போய்ச் சேருவதற்குள் யார் வீட்டில் என்ன சண்டை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இதை எழுத ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று. விரல் வலிக்கிறது. மனசு இனிக்கிறது.

மார்ச் 5, வியாழன்

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வந்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் காத்திருந்து, பெண் குழந்தை. மாப்பிள்ளை எலக்ட்ரீஷியன். வேலைக்கே போகாமல் தொட்டிலைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

மகள் சொன்னாள்: “பேரு நீங்கதான் வைக்கணும்ப்பா. படிச்சுப் பாத்து நல்ல அர்த்தமா ஒண்ணு எடுங்க. எபிரேயப் பேரா இருக்கட்டும், சின்னதா இருக்கும். எந்த நாட்டுக்காரங்க வாயிலயும் நுழையும்.” அவள் விமான நிலையத்தில் டிக்கெட் பார்க்கிறவள். அவள் பெயரை ஒருத்தரும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

“படிச்சுப் பாத்து.” என்னைப் பார்த்து இப்படி யாரும் சொன்னதே இல்லை.

மார்ச் 6, வெள்ளி

எனக்கு எழுத்துச் சொல்லித் தரும் மாலை வகுப்பு வாத்தியாரம்மா நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்தார். பெண் குழந்தைப் பெயர்கள், மொழிவாரியாக. பெயர் பெரிய எழுத்தில், அர்த்தம் அதன் கீழே பொடி எழுத்தில். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எபிரேயப் பகுதியில் கொஞ்சம் படித்தேன். தாமார் என்றால் பேரீச்சை மரம். தெபோரா, தேனீ. ராகேல், பெண் ஆடு. கண்ணெதிரே இருந்ததையே பிள்ளைக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள் அந்தக் காலத்தில். ஆட்டுக்கும் தேனீக்கும் அத்தனை மரியாதை! அந்த மனிதர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மார்ச் 8, ஞாயிறு

பெயர் சொல்லிவிட்டேன். லேயா. எல்லோருக்கும் சந்தோஷம்.

மார்ச் 9, திங்கள்

எழுத மனமில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நேற்று வீட்டில் தனியாக உட்கார்ந்து படித்தேன். இரண்டெழுத்துக்கு மேல் நீண்ட பெயர்களையெல்லாம் தாண்டிவிட்டேன், எல்லார் முன்னாலும் நாக்கு தடுக்கும் என்று. பக்கத்தின் அடியில், கடைசிப் பெயர், லேயா. இரண்டே எழுத்து. ஒரே மூச்சில் வந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் புத்தகத்தோடு கூடத்துக்கு ஓடினேன்.

“லேயா!”

மகள் குழந்தையின் காதில் சொல்லிப் பார்த்தாள். “அழகா இருக்குப்பா. அர்த்தம் என்ன?”

அர்த்தம் அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் திருப்பவில்லை. பொடி எழுத்து. கூட்டிப் படிக்க நேரமாகும். எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். மாப்பிள்ளை நாற்காலி மேல் ஏறி டியூப் லைட் மாட்டிக்கொண்டிருந்தார். அது அந்த நேரம் பார்த்துப் பளிச்சென்று எரிந்தது.

“வெளிச்சம்” என்றேன்.

மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து குதித்தார். “என் தொழிலுக்குன்னே பொறந்திருக்கா மாமா!”

எழுத்து தெரியாத காலமெல்லாம் இப்படித்தான் ஓட்டினேன். கண்ணாடியை மறந்துட்டேன், நீங்களே படிச்சிடுங்க, அப்புறம் பாக்கறேன் – எத்தனை சாக்கு! இப்போது தெரிந்த பிறகும் ஏன்? கண்ணாடி மூக்கு மேலேதானே இருந்தது?

இன்று காலை பக்கத்தைத் திருப்பினேன். லேயா: ‘சோர்ந்தவள், களைத்தவள். காட்டுப் பசு என்று பொருள் சொல்வாரும் உண்டு.’

மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அதுவேதான்.

மார்ச் 10, செவ்வாய்

மாப்பிள்ளை தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பால் வாங்கப் போனால் கடைக்காரர், “என்ன பெரியவரே, வீட்டுக்கு வெளிச்சம் வந்துடுச்சாமே!” என்றார். தலையாட்டினேன். தலையாட்டினேனே, பாவி!

வியாழக்கிழமை பெயர் பதியப் போகிறார்கள். பதிந்துவிட்டால் அவ்வளவுதான். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? என்றைக்காவது இந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போய், தானே தேடிப் படிக்கும். அப்போது நான் இருக்க மாட்டேன். அதுவரை ஒவ்வொரு தடவை அவளைக் கூப்பிடும்போதும் என் பொய்யைத்தான் கூப்பிடுவேன்.

மார்ச் 11, புதன்

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு நடுவில்.

மாப்பிள்ளை தட்டைத் தள்ளி வைத்தார். “ஊரெல்லாம் சொல்லிட்டேனே மாமா. தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?” கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மகள் அவர் தட்டை எடுத்து மூடி வைத்தாள். பிறகு கேட்டாள்: “சின்ன வயசுல நரிக் கதைப் புத்தகம் படிச்சுக் காட்டுவீங்களே, அதுவும் இப்படித்தானா?”

“படத்தைப் பாத்துச் சொன்னதும்மா.”

“அதான் ஒரு நாள் நரி ஆத்துல விழும், ஒரு நாள் கல்யாணம் பண்ணிக்கும். எனக்குப் படிக்க வந்தப்புறம் எடுத்துப் பாத்தா, கல்யாணமே இல்ல. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அச்சடிச்சவங்க தப்புப் பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். எங்கப்பா தப்பாப் படிப்பாருன்னு தோணவே இல்ல.”

அவள் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 12, வியாழன்

பெயர் பதியப் போகவில்லை. சாயங்காலம் மகள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். “மொதல்லேர்ந்து படிங்க. ஒண்ணுகூட விடக் கூடாது. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க.”

படித்தேன். வியர்த்தது. ஒரு இடத்தில் நின்றுபோய், “இது எனக்குத் தெரியலம்மா” என்றேன். எட்டிப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தாள். வானம் இடிந்து விழவில்லை. ஆனாலும் காது சுட்டது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி ஏதோ ஒயரைச் சீவிக்கொண்டிருந்தார். ராகேலையும் தாண்டி, போன தடவை நான் விட்ட இடத்துக்கு வந்தேன். லி–யோ–ரா. அதன் கீழே: ‘எனக்கு வெளிச்சம்.’



மாப்பிள்ளை எழுந்து வந்தார். “மாமா, நெஜமாவா?”

“இருக்கு மாப்பிள்ளை.”

என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, விளக்கடியில் பிடித்து, தானே படித்துப் பார்த்தார். மகளும் பார்த்தாள். வாழ்நாளில் முதன்முதலாக வீட்டார் முன்னால் உண்மையாகப் படித்தேன், அதை இரண்டு பேர் சரிபார்த்தார்கள். பார்க்கட்டும். பார்க்க வேண்டியதுதான். லேயாவுக்கு மேலே, அதே பக்கத்தில், இரண்டு விரல்கடை தூரத்தில் இருந்திருக்கிறது. நீளம் என்று தாண்டிப் போனவன் நான்தான்.

“அப்ப கடைக்காரருக்கு என்ன சொல்றது?” என்றாள் மகள்.

“வெளிச்சம் அதேதான், பல்பு மாத்தியாச்சுன்னு சொல்லிக்கறேன்” என்றார் மாப்பிள்ளை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் தட்டு வைக்கும்போது எனக்கும் சேர்த்து வைத்தார்.

மார்ச் 13, வெள்ளி

லியோரா என்று பதிந்தாயிற்று. பால் கடையில் நானே போய்ச் சொன்னேன், நான் படிக்காமல் சொன்ன பொய் என்று. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 6, சனி

மகள் பரணிலிருந்து பழைய நரிப் புத்தகத்தை எடுத்துப் போட்டிருந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டு தடவை. இரண்டு தடவையும் ஒரே மாதிரி முடிந்தது. மகள் கதவுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.