வேப்பிலை கட்டிய படலை

ஜூலை 14, திங்கள்

கச்சான் காற்று. மேசை முழுக்கப் புழுதி. ரஜீவன் மேலான கொலை வழக்கு வியாழக்கிழமை, கிளிநொச்சியில்; அவனுக்காக வாதாடுவது நான்.

அரச தரப்பின் கையில் இருப்பது:
– பளையில் கொல்லப்பட்டவரோடு, அதற்கு முதல் கிழமை, அங்குள்ள காணி வேலியில் சண்டை.
– சடலத்துக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு. எட்டாம் நம்பர். என் புருசனுக்கும் எட்டுத்தான்.
– மறுநாள் காலை ரஜீவனின் பூநகரி வீட்டுக்குப் பொலிஸ் போக, ஆள் இல்லை. "தலைமறைவு."

முதல் இரண்டையும் ஊதித் தள்ளலாம். மூன்றாவதுதான் தலையிடி. பொடியனுக்கு அப்போது நாலு நாளாக அம்மாள் வருத்தம், உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளம், வீட்டுக்குள் பாயில். எழும்ப முடியாதவன் பளைக்குப் போய் ஆளைக் கொன்றானாம். சரி, ஆஸ்பத்திரித் துண்டு? இல்லை. அம்மாளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாதாம். பார்க்க வந்த அயலவர்? அம்மாள் வீட்டுக்கு ஒருவரும் வரமாட்டார்களாம். முகத்தில் தழும்பு இருக்கிறது. தழும்பில் திகதி இல்லையே. கடவுளே.

ஜூலை 15, செவ்வாய்

தாய் பரமேஸ்வரி வந்தார். பூநகரி பஸ்ஸை நம்பி, பதினொரு மணிக்கு.

"மகன் வீட்டில இல்லையெண்டு பொலிசுக்கு ஏன் சொன்னீங்கள் அம்மா?"

"சவத்தைப் பாத்திட்டு நேரா வாறம் எண்டு அவையளே சொன்னவை பிள்ளை. அந்தத் துடக்குத் தீட்டோட அம்மாள் இருக்கிற வீட்டுக்குள்ள விடலாமே? இல்லையெண்டன். திரும்பிப் போட்டினம்."

"அதுதான் இப்ப அவன்ர கழுத்தில கிடக்கு."

"உள்ளுக்கு விட்டிருந்தா என்ர பிள்ளை செத்திருப்பான்."

எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். கூண்டில் ஏறி, அன்று சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ளவேண்டும், மூன்று தரம் சொல்லிவிட்டேன். "அது பொய்யில்லை பிள்ளை, காவல்" என்கிறார்.

கூட வந்த அவரின் தம்பி என் காதுக்குள், "ஆஸ்பத்திரியில கண்டதெண்டு சொல்ல ஒராளைப் பிடிக்கட்டோ?" நல்லாக ஏசிவிட்டேன். உண்மைக்கே சாட்சி இல்லை, இதற்குள் பொய்ச்சாட்சி வேறு!

தையல்காரியிடம் சட்டை எடுக்க மறந்துபோனேன்.

வியாழனுக்கு: அன்று போன கான்ஸ்டபிள் வீட்டுக்குள் தேடினாரா? பொலிஸ் குறிப்பில் ஒன்றும் இல்லை. கேட்கவேண்டும்.

ஜூலை 17, வியாழன்

வெக்கை. மன்றில் ஒரு ஃபான்தான் ஓடியது. வருத்தம் மாறித் தானாகவே பொலிசுக்குப் போனவன் ரஜீவன். அதிலிருந்து இரண்டு வருடம் விளக்கமறியல் சிறை. கன்னம் ஒட்டிப்போய் நின்றான். பரமேஸ்வரி சாட்சி என்பதால் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

கான்ஸ்டபிள் நம் ஊர்ப்பக்கத்துத் தமிழர்தான். "போனோம், எதிரி ரஜீவன் வீட்டில் இல்லை." அவ்வளவுதான் சாட்சியம். குறுக்கு விசாரணைக்கு எழும்பினேன்.

"வீட்டுக்குள் தேடினீர்களா?"

"தாய் இல்லையெண்டு சொன்னா."

"உள்ளே போனீர்களா, இல்லையா?"

 கையில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீதிபதி பதில் சொல்லச் சொன்னார்.

"இல்லை ஐயா. வாசல் படலையில வேப்பிலை கட்டிக் கிடந்தது, அம்மாள் வீடு. சவத்தைப் பாத்திட்டு வந்து அதுக்குள்ள ஆர் போவினம்?"

அரச சட்டவாதி பேனையை வைத்துவிட்டார். நீதிபதி எழுதிக்கொண்டார். எனக்குச் சந்தோசம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த மனிதனுக்கு அன்றைக்கே தெரியும். குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அடுத்த தவணை செப்டெம்பர்.

வெளியே போய்ப் பரமேஸ்வரியிடம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு, "அந்தப் பொலிஸ் பொடியன் நல்லவன் பிள்ளை. மரியாதையாப் படலையோட நிண்டவன்."

ஓம், நல்லவன். மரியாதை கெட்டு ஒரு காலடி உள்ளே வைத்திருந்தால் பாயில் கிடந்தவனைக் கண்டிருப்பான்.  ரஜீவனைத் திரும்பவும் சிறை வாகனத்தில் ஏற்றினார்கள்.