ஜெசிந்தாவுக்கு இடம் கிடைத்துவிட்டது, மச்சான்

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உங்கள் மகள் பிறந்த மூன்றாம் நாள், என் விரலை அவள் பிடித்த பிடியைப் பார்த்து, "இது ஆப்ரேஷன் பண்ற கை" என்று சொன்னவன் நான். "பச்சப் புள்ளைக்கு நல்ல வார்த்தை சொல்லுடா" என்று அக்கா என் தலையில் குட்டினாள். இப்போது யார் சொன்னது பலித்தது?

சேதி இதுதான். ஜெசிந்தா எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.எஸ்.ஸும் முடித்து, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் யூராலஜி படிக்க மனுப் போட்டாள். இடம் கிடைத்துவிட்டது. யூராலஜி என்றால் மூத்திரம் போகிற வழிக்கான வைத்தியம். தருமபுரம் முழுக்க நான்தான் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். எட்டாம் வகுப்புக்காரன் பேசுவதைக் கேட்டு இரண்டு பேர் தங்கள் உபாதையைச் சொல்லிவிட்டார்கள். ஒருவருக்கு நாடியும் பார்த்தேன்.

உங்களுக்கும் அந்த வழியில்தானே அடைப்பு? பிரெஞ்சுப் பட்டாளத்தில் விறைப்பாக நின்ற மனுஷர். மூத்திரம் வரவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "ஒடம்பு சூடுப்பா" என்றீர்கள். நானும் நம்பி, வாழைத்தண்டுச் சாறு, இளநீர், பார்லித் தண்ணி என்று செம்பு செம்பாகக் கொடுத்தேன். வெளியே போக வழியில்லாத உடம்புக்குள் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

எழுபத்திரண்டில் நான் அம்பகரத்தூர் கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர். நீங்கள் சுருண்டு கிடப்பதாகச் சேதி வந்ததும், அறுபது பேரோடு பஸ்ஸை நம் வீட்டு வாசலுக்கே திருப்பினேன். முப்பது பேர் என்பாள் அக்கா. அவள் எண்ணினாளா?

"ஏய்யா, கோயிலுக்குப் போகாதா வண்டி?" என்று ஓர் அம்மாள் கத்தினாள்.

"போகும் ஆத்தா. மொதல்ல ஆஸ்பத்திரி, அப்பறந்தான் சாமி" என்றேன்.

டாக்டர் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "நாலு நாள் முன்னாடி வந்திருந்தா ஒரு குழாயோட போயிருக்கும். வாயத் தொறந்து சொல்ல மாட்டாரா இவரு?" என்றார். மறுநாள் மத்தியானம் நீங்கள் போய்விட்டீர்கள்.

நேர்முகத்துக்கு ஜெசிந்தாவுக்குத் துணையாகப் போனது நான்தான். உள்ளே நடந்ததைக் கதவோரம் நின்று முழுக்கக் கேட்டேன். சரி, வெளியே வந்து அவள் சொன்னாள். பெரிய டாக்டர் கேட்டாராம்: "ஆம்பளைங்க வந்து உங்ககிட்ட இதெல்லாம் சொல்லுவாங்களாம்மா?"

"எங்கப்பா ஆம்பள டாக்டர்கிட்டயும் சொல்லல சார். யாரும் கேக்கல. நான் கேப்பேன்."

இது உங்கள் வாயா, அக்கா வாயா? என் வாய் என்றுதான் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இந்தப் பிரிவை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று மனுவில் ஒரு கேள்வி இருந்தது. அதற்கு அவள் உங்கள் கடைசி வார்த்தைகளை எழுதியிருந்தாள். 'என்னை மாதிரி வெட்கப்பட்டுக்கிட்டுக் கெடக்குறவங்களை என் மக காப்பாத்தணும்.' அதைப் படித்துவிட்டுப் பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

இத்தனை வருஷமும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டே படித்தாள், மச்சான். பரீட்சைக்கு முந்தின நாளெல்லாம், "மாமா, அப்பா சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க" என்பாள். நானும் சொல்வேன். "ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை கூடுதே மாமா?" என்று சிரிப்பாள்.

நேற்று லீவில் வந்தவள், வந்ததும் வராததுமாக என் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். "அப்பா சொன்னத கல்லறையில வெட்டப் போறேன். கல்தச்சர்கிட்ட பேசிட்டேன். ஒரு வார்த்தை பிசகாம எழுதிக் குடுங்க மாமா. நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க."

அந்தக் காகிதத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் பக்கத்தில் இல்லை, மச்சான். உங்களுக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போன அக்கா, என்னைத்தான் உட்காரச் சொல்லிவிட்டுப் போனாள். நீங்கள் கண் அசந்தீர்கள். நான் எதிரே டீக்கடைக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்க, பஸ்ஸைத் திருப்பிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது டீயும் குடித்தேன். திரும்பி வந்தபோது முகம்வரை போர்த்தியிருந்தார்கள். "ஒண்ணும் பேசலைங்க. கதவையே பாத்துக்கிட்டு இருந்தாரு" என்றார் நர்ஸம்மா. யாரைத் தேடினீர்கள்?

ஜெசிந்தாவுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூட உடுப்போடு ஓடிவந்து கேட்டாள்: "அப்பா எதாச்சும் சொன்னாரா மாமா?" நான் அங்கே இல்லை என்று எப்படிச் சொல்வேன்? "சொன்னாரும்மா" என்றேன். மற்றதெல்லாம் என் கற்பனை.

கல்லில் உங்கள் பேருக்குக் கீழே என் பொய் ஏறக் கூடாது. இன்று சாயங்காலம் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், மச்சான். கூட்டாமல் சொல்வேன். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இல்லை, இரண்டே பேர்தான் என்பதையும் சேர்த்து.

உங்கள் கைப்பிடித்தவளின் ஒரே தம்பி,
அந்தோணி