பெருக்கல் விதியின் இரண்டாவது பாதி

என் அன்பும் ஆத்திரமும் இன்னும் அடங்காத கணவருக்கு,

சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். எனக்கு இங்கே சௌக்கியம் இல்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரி வீட்டு மாடியில் டியூஷன் நடக்கிறது. நேற்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வகைக்கெழுவில் பெருக்கல் விதி. வழக்கம்போல x²-ஐயும் sin x-ஐயும் தனித்தனியே வகையிட்டு, இரண்டையும் பெருக்கி 2x cos x என்று எழுதிவைத்திருந்தார்கள். "அப்படி இல்ல பிள்ளைகளா. முதலாவது மாறும்போது ரெண்டாவது அப்படியே நிக்கணும். அப்புறம் முதலாவது நிக்கட்டும், ரெண்டாவது மாறட்டும். ரெண்டையும் கூட்டுங்க" என்றேன். சொல்லும்போதே நீங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள்.

கல்யாணமான புதிதில் இதே விதியைச் சொல்லித்தானே என்னை மடக்கினீர்கள்? "முதல்ல நான் எம்.சி.ஏ. முடிச்சு வேலைக்குப் போறேன், நீ வீட்டைப் பாரு. அப்புறம் நான் வீட்டைப் பார்க்கறேன், நீ பி.எட். படி." கணக்கு படித்தவள் ஆயிற்றே, பல்லை இளித்துக்கொண்டு தலையாட்டினேன். நீங்கள் படித்தீர்கள், காக்கநாட்டில் வேலை, பதவி உயர்வு எல்லாம் வந்தது. எனக்கு மட்டும் வருஷா வருஷம், "அடுத்த வருஷம், கல்யாணி." போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போயே விட்டீர்கள். என் முறையை இனி யாரிடம் போய்க் கேட்பது?

எர்ணாகுளத்தில் இப்போது பி.எட். இடம் கிடைத்திருக்கிறது. விஷயம் தெரிந்து உங்கள் அக்கா வந்தார். "இனி எந்தினும்மா, எதுக்குப் படிப்பு? அவனே போயாச்சு. டியூஷன் எடுத்துட்டு அடங்கி இரு."

"அவர் இருந்தப்பவும் அடங்கித்தானேக்கா இருந்தேன்?" என்றேன். சாயாவைக் குடிக்காமலே எழுந்து போனார். போகட்டும்.

நேற்றைய வகுப்பில் நம் தெருச் செல்வி ஒன்று கேட்டாள். "டீச்சரே, அந்த நிக்கிற முதலாவது பூஜ்யமாயிட்டா?"

"ரெண்டாவது பாதி முழுசும் பூஜ்யம். ரெண்டாவது எவ்வளவு மாறினாலும் கணக்குல வராது."

சொல்லிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். விடை சரிதான், ஒரு தப்பும் இல்லை. ஆனால் அது பெருக்கலுக்குத்தானே? இல்லாத உங்களோடு நான் ஏன் இன்னும் பெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும்?

திங்கட்கிழமை காலை எர்ணாகுளம் போகும் படகில் ஏறுகிறேன். அழுதாலும் ஏறுவேன், யார் திட்டினாலும் ஏறுவேன். உங்கள் படத்துக்குப் பூ வைக்க அன்றைக்கு நேரம் இருக்காது. காத்திருங்கள், எனக்குப் பழக்கம்தான் அது, உங்களுக்கும் பழகட்டும்.

இன்னும் உங்கள் மனைவிதான்,
கல்யாணி