நாலாம் இலக்க ஜேர்சி

14.9.86, ஞாயிறு

இன்றைக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் இறுதியாட்டம் நடந்தது. சோபா ஒரு பக்கம், தொலைக்காட்சி மறுபக்கம், நான் தோய்த்துக் காயப்போட்ட போர்வைதான் வலை. எண்பத்திரண்டாம் ஆண்டு மே பதினைந்தாம் தேதி இவருடைய ஊர்ச் செங்கதிர் விளையாட்டுக் கழகம் கரப்பந்தில் சம்பியன் ஆன கதை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து இதை எத்தனை தரம் கேட்டேனோ தெரியாது. நான் வேறு ஊர். அந்த மைதானத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனாலும் நித்திரையில் எழுப்பிக் கேட்டால் மூன்றாம் செற்றை ஒப்புவிப்பேன்.

இவர் வழக்கம்போலத் தேதியிலிருந்து தொடங்கினார். இவருடைய ஊர்ச் சிநேகிதர் புண்ணியமூர்த்தி "ஓம் பாலேந்திரன், ஓம்" என்று ஒத்து ஊதினார். இரண்டு பேரும் அன்றைக்குச் சனத்துக்குப் பின்னால், ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி நின்று பார்த்தவர்கள். அணித்தலைவராக இருந்த தில்லைநாதன் அண்ணையும் பக்கத்து நகரமான பாடனிலிருந்து வந்திருந்தார். ஆடியவர் அவர். ஆனால் கதையெல்லாம் பார்த்தவர்களுடையது!

இந்தக் கோடையிலிருந்து ஒரு சிறப்பு விருந்தாளியும் உண்டு. தயாநிதி. வெளியூர்ப் பொடியன், அந்த வருடம் செங்கதிர் இரவல் வாங்கி இறக்கிய நாலாம் இலக்கம். கடைசி அடி இவனுடையதாம். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். இவர் அவனுடைய தோளில் கை போட்டு, "உந்த அடியை ஆர் மறப்பான்!" என்றார். அவன் சிரித்தான். கூச்சமாக்கும் என்று நினைத்தேன்.

17.9.86

வைத்தியசாலையில் எனக்கு ஓய்வு நாள். வெளிநாட்டவர் பொலிசில் ஒரு அகதி விசாரணைக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். கதவைத் திறந்தால் தயாநிதி இருக்கிறான். தெரிந்தவர் என்று அதிகாரியிடம் சொன்னேன். உங்களுக்குள் எல்லோரும் தெரிந்தவர்கள்தானே என்று சொல்லிவிட்டு என்னை இருக்கச் சொன்னார்.

எண்பத்திரண்டு மே எட்டாம் தேதி ஆமி தன்னைப் பிடித்தது, மூன்று வாரம் முகாமில் வைத்திருந்தது என்று தயாநிதி சொன்னான். என்ன செய்தார்கள் என்றும் சொன்னான். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஜெர்மனில் சொன்னதே போதும்.

மே எட்டு. மூன்று வாரம். அப்படியென்றால் பதினைந்தாம் தேதி மைதானத்தில் துள்ளியது யார்?

அதிகாரிக்கு எங்கள் கரப்பந்துக் கதை என்ன தெரியும். சாட்சி உண்டா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றான். அதையும் மொழிபெயர்த்தேன்.

18.9.86

பொய் சொல்கிறானா? அந்த முகத்தோடு ஒருவன் பொய் சொல்வானா?

வாய் திறக்கவும் ஏலாது. அந்த அறையில் கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதி கொடுத்தவள் நான். இவருக்கும் சொல்லக்கூடாது. இவருக்கு முக்கியமாகச் சொல்லக்கூடாது.

21.9.86, ஞாயிறு

இன்றைக்கு இவர் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று அறிவித்தார்: "தயாநிதியை நம்புகினமில்லையாம். சாட்சி வேணுமாம். பிறகு நாங்கள் என்னத்துக்கு இருக்கிறம்?" வியாழக்கிழமை அகதிகளுக்கு உதவும் அலுவலகத்துக்குப் போகிறாராம், அங்கே சாட்சியை எழுதி அதிகாரிக்கு அனுப்புவார்களாம். "மே பதினைஞ்சு, ஆயிரம் சனத்துக்கு முன்னால எங்களுக்குச் சம்பியன் அடிச்சுத் தந்தவன் எண்டு தேதியோட சொல்லுவன். பிறகு ஆர் அவனை அனுப்புறது?"

தேதியோடு! அந்தத் தேதி ஒன்றே போதும் அவனைத் திருப்பி அனுப்ப.

"போகவேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"வேண்டாமெண்டா வேண்டாம்."

"உமக்கென்ன விசரே? ஒருத்தனுக்கு உதவி செய்யவும் விடமாட்டீரோ?"

எல்லோருக்கும் முன்னால் ஏச்சு. தயாநிதியின் முகம் வெளிறிவிட்டது. "அதெல்லாம் வேண்டாம் அண்ணை" என்றான். அடக்கம் என்று நினைத்து இவர் அவனுடைய முதுகில் தட்டினார். பிறகு பழையபடி ஆட்டம். கடைசிப் புள்ளிக்கு முன் இவர் எப்போதும் கதையை நிறுத்தி எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்பார். அப்போதுதான் தயாநிதியைக் கவனித்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தான். பந்து உள்ளே விழுமா, வெளியே போகுமா என்று தெரியாத ஆள் மாதிரி. விழுந்தது என்றதும்தான் மூச்சு விட்டான்.

ஆடியவன் இப்படியா கேட்பான்?

தேநீர் எடுத்துத் தரும் சாட்டில் அவனைக் குசினிக்குக் கூப்பிட்டேன். "தம்பி, நான் ஒண்டும் கேக்கக்கூடாது. நீர் விரும்பினாச் சொல்லும்."

"நான் அந்த மச்சைக் காணவே இல்லை, அக்கா. பாலேந்திரன் அண்ணை சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"பிறகேன் பேசாமல் இருக்கிறீர்?"

"முதல்நாள் சொல்லத்தான் வந்தனான். எல்லாரும் என்னைத் தூக்கி வைச்சுக் கொண்டாடிச்சினம். அந்தச் சனிக்கிழமை நான் முகாமில இல்லை, மைதானத்தில நிண்டனான் எண்டு நினைக்க... நல்லா இருந்துது அக்கா." கோப்பையைக் கழுவுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மிச்சத்தைத் தில்லைநாதன் அண்ணையைக் கேளுங்கோ. அது அவற்ற மானம்."

23.9.86

வேலை முடிந்து நேரே பாடனுக்கு ரயில் ஏறினேன். தொழிற்சாலை வாசலில் என்னைக் கண்டதுமே தில்லைநாதன் அண்ணைக்கு விளங்கிவிட்டது.

"பேர் குடுத்தாச்சு, தங்கச்சி. பதிஞ்ச ஆக்களைத் தவிர வேற ஆளை இறக்கேலாது. தயாநிதியை ஆமி பிடிச்சுக்கொண்டு போட்டுதெண்டு வெளியில சொல்லவும் பயம், எங்களையும் தேடி வருவாங்கள். என்ர மச்சான் நகுலேசனுக்கு நாலாம் இலக்க ஜேர்சியைப் போட்டு இறக்கினன். அதே உயரம், அதே நிறம். ஒலிபெருக்கியில தயாநிதி, தயாநிதி எண்டு கத்தினாங்கள்."

ஆள்மாறாட்டம்! இத்தனை ஞாயிறும் என் வீட்டில் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டு இந்த மனிதர் இதை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"வியாழக்கிழமை வந்து சொல்லுங்கோ அண்ணை."

"சொன்னா செங்கதிர் சம்பியன் இல்லை."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஒரு பித்தளைக் கப்புக்காக ஒரு பொடியனைக் குடுக்கப் போறியளோ?"

"உமக்கு அது பித்தளை. ஊரில இப்ப ஆர் இருக்கினம்? பாலேந்திரனிட்ட மிஞ்சிக் கிடக்கிறது அந்த ஒரு வருசம்தான். அதையும் நான் பறிக்கவோ?"

வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை.

24.9.86

இவர் சேட்டை அயன் பண்ணுகிறார். விசிலடித்துக்கொண்டு! நாளைக்கு நான்தான் மொழிபெயர்க்க வேண்டுமாம். வேறு ஆட்களை நம்ப ஏலாதாம்.

மாட்டேன் என்றால் வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போவார். நான் போனால் என் வாயாலேயே அந்தத் தேதியைச் சொல்ல வேண்டும். விழுங்கிவிடலாமா? மாற்றிச் சொல்லலாமா? ஒருதரம் அப்படிச் செய்தால் அதற்குப் பிறகு என்னை யார் நம்புவது, நானே நம்புவேனா? கடவுளே, இந்த மனுசனுக்கு இண்டைக்கு ஒரு காய்ச்சலைக் குடு.

25.9.86

காய்ச்சல் வரவில்லை. தில்லைநாதன் அண்ணை வந்தார்.

ட்ராம் தரிப்பில் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். "பாலேந்திரன், அண்டைக்கு நீ பாத்தது தயாநிதியை இல்லை" என்று தொடங்கி, நின்ற இடத்திலேயே முழுவதையும் சொல்லி முடித்தார். எங்கள் ட்ராம் வந்து போனது. யாரும் ஏறவில்லை. இவர் அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். இவர் கேட்டது வேறு.

"அப்ப அந்தக் கடைசி அடி?"

"நகுலேசன்."

"அவன் இப்ப எங்க?"

"போன வருசம் ஆமி சுட்டுப்போட்டுது."

அலுவலகத்தில் இவர் சேட்டுக் கொலரைத் தடவிக்கொண்டு இருந்தார். சாட்சி சொன்னவர் தில்லைநாதன் அண்ணை. தயாநிதியைப் பிடித்துக்கொண்டு போன நாள், ஆளை மாற்றியது, எல்லாம் சொன்னார். இதை ஏன் இவ்வளவு காலமும் மறைத்தீர்கள் என்று அங்கிருந்த பெண் கேட்டார். "கப்பைத் திருப்பிக் கேப்பினம் எண்டுதான்" என்றார் அண்ணை. ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

5.10.86, ஞாயிறு

யாரும் வரவில்லை. போன ஞாயிறும் இல்லை. இந்த வீடு ஒரு நாளாவது அமைதியாக இருக்கட்டும் என்று எத்தனை தரம் புறுபுறுத்திருப்பேன். இப்போது இவருடைய மௌனம் எனக்குப் பயமாக இருக்கிறது.

30.11.86

லாங்ஸ்ட்ராச தெருவில், மரக்கறிக் கடை வாசலில், புண்ணியமூர்த்தி "கள்ளச் சம்பியன்" என்று தில்லைநாதன் அண்ணையைப் பழித்தாராம். இவர் "வாயை மூடு" என்றாராம். தயாநிதி வந்து சொன்னான்.

17.5.87, ஞாயிறு

தயாநிதிக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு பெரிய கேக்கோடு வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் படியில் தில்லைநாதன் அண்ணை. உள்ளே வருவதா திரும்புவதா என்று தெரியாமல் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவரை நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

தயாநிதியின் கையைக் குலுக்கிவிட்டு இவர் பழையபடி சோபாவில் இருந்துவிட்டார். கேக் வெட்டினேன், கோப்பி கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மே பதினைந்து வந்து போனதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. எனக்கே அழுகை வரும்போல் இருந்தது.

இவர் தலை நிமிராமலே கேட்டார்: "நகுலேசன் எந்தக் கையால அடிக்கிறவன்?"

தில்லைநாதன் அண்ணை கோப்பையை வைத்தார். "இடக்கை."

இவர் எழுந்து முன்னறை நடுவில் போய் நின்றார். "மே பதினைஞ்சு" என்றார். துள்ளி இடக்கையை வீசினார். கை பழக்கமில்லாமல் கோணலாகப் போனது.

"முழங்கை இன்னும் மேல" என்றார் தில்லைநாதன் அண்ணை. கண்ணைத் துடைக்கவும் இல்லை.

இவர் திரும்பவும் துள்ளினார்.